நாற்பத்தொன்றாம் டிக்கெட்

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் அட்டைப்பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே இரண்டு சிறு சக்கரங்கள், வளைத்த அலுமினியக் குழாய்கள், ஒரு நெஞ்சு வார். "குழந்தைக்கா?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஓர் இரக்கம். "நாய்க்கு" என்றேன். இரக்கம் சட்டென்று போய்விட்டது. ஆனால் பெட்டியைத் திரும்ப ஒட்டும்போது முன்னால் இருந்ததைவிட நன்றாகவே ஒட்டிக் கொடுத்தார்.

நான் கோயம்புத்தூர் கணபதியில் பட்டறை வைத்திருப்பவன். கிரைண்டருக்கு உதிரி பாகம் செய்வது தொழில். சில வருஷம் முன்பு என் நாய் மாடிப்படியில் உருண்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனது. அதற்காக ஒரு வண்டி செய்தேன். பின்னுடம்பைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், நாய் முன்னங்காலால் நடந்தால் பின்னால் சக்கரம் உருளும். என் நாய் போய்ச் சேர்ந்த பிறகும், யாராவது கேட்டால் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நட்டைத் திருகிப் பெரிசு சின்னதாக்குகிற வண்டியை மட்டும் செய்ய மாட்டேன். அது ஆடும், தோலை உரசும். தைத்துப் போட்ட சட்டை மாதிரி கச்சிதமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இந்தக் கட்சியால் எனக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

மாத்தளைப் பக்கம் பலாபத்வலைக்கு உள்ளே அடிபட்ட நாய்களுக்கு ஒரு காப்பகம் நடத்தும் மேரி ஸ்டெல்லா என்ற அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற நர்ஸ். மெயின் ரோட்டில் பஸ் அடித்துப் பின்னங்கால் இரண்டும் செயலிழந்த ஒரு பெண் நாய்க்கு வண்டி வேண்டும் என்றார். அளவுகளையும் அனுப்பி வைத்தார். "ஏத்துற மாதிரி எறக்குற மாதிரி இருந்தா நல்லது தம்பி" என்றார். நான் என் கட்சியை விளக்கினேன். கூரியரில் அனுப்பியிருக்கலாம். முதல் தடவை மாட்டும்போது நான் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதமாகக் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை கண்டியிலிருந்து பஸ். பெட்டியில் நாய் வண்டி, பலாபத்வலையில் இறங்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை டிரைவர் பக்கத்தில் இஞ்சின் மூடியின்மேல் வைக்கச் சொன்னார் கண்டக்டர். எங்கள் ஊர் டவுன் பஸ் டிரைவர்கள் அவசரக்காரர்கள் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அழுத்திக்கொண்டே திரும்பினார், எதிரில் வருகிறவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டியது. மாத்தளையில் பஸ் நின்றது. முத்துமாரியம்மன் கோவில் கோபுரத்தைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்துவிட்ட தைரியம் வந்து, பால் விடாத ஒரு பிளேன்டீ குடிக்க இறங்கினேன். இஞ்சி போட்டுச் சூடாகக் கொடுத்தார்கள். இரண்டாவது மிடறில் என் பஸ் என்னை விட்டுவிட்டுப் புறப்பட்டது.

கண்ணாடித் தம்ளரைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். டீக்கடைக்காரர் என் பின்னால் ஓடிவந்து தம்ளரை வாங்கிக்கொண்டு, என்னை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிட்டார். நாங்கள் வேகமெடுத்தால் பஸ்சும் எடுக்கிறது. பெட்டி யாழ்ப்பாணம் போய்ச் சேர்வதுபோலக் கற்பனை செய்துகொண்டே ஆட்டோக்காரரின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தேன். பலாபத்வலைச் சந்தியில் ஒரு பழக்கடை வாசலில், அன்னாசிக் குவியலுக்குப் பக்கத்தில், பெட்டி உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஆட்டோக்காரர் தமிழில் சொன்னார்: "நாய் வண்டிக்காரர் பின்னால ஓடி வருவாரு, அவருக்கிட்ட குடுங்கன்னு கண்டக்டர் வச்சிட்டுப் போனாராம்." நன்றி சொல்ல அந்தக் கண்டக்டர் அங்கே இல்லை.

காப்பகம் ரோட்டிலிருந்து உள்ளே, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவில் இருந்தது. நான் போனதும் அறுபது நாய்களும் சேர்ந்து என்னைப் பற்றி அபிப்பிராயம் சொல்லின. ஸ்டெல்லா அக்கா வெள்ளைக் கவுன் போட்டு, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு கூண்டின் கம்பியிலும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாட்டுவதுபோல ஒரு அட்டை. அதைத்தான் டிக்கெட் என்கிறார்கள். என்ன காயம், என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எல்லாம் குண்டு குண்டு எழுத்தில். மேலே எண். பக்கத்தில் 'பெயர்' என்று அச்சடித்து, எல்லா அட்டையிலும் அந்தக் கோடு வெறுமையாக இருந்தது.

"பேரு வைக்கிறது வீட்டுக்காரங்க வேலை தம்பி" என்றார் அக்கா. "இங்க நாங்க பேரு வச்சா அது நம்ம புள்ளையாயிரும். பொறகு குடுக்க மனசு வராது. நாங்க எடுக்குறது குடுக்குறதுக்குத்தான். வச்சிக்கிறதுக்கு இல்ல."

என்னுடைய நாய் நாற்பத்தொன்று. தவிட்டு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியது. முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு வந்து என் செருப்பை முகர்ந்தது. பின்னங்கால்கள் சிமெண்டில் தேய்ந்து புண்ணாகிக் கட்டுப் போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்பவள் செல்வராணி. முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டிலிருந்து விடிந்ததும் வந்து, பொழுது சாயப் போகிறவள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத நாய் தானாகச் சிறுநீர் கழிக்காது. வயிற்றைப் பிடித்து மெதுவாக அமுக்கி எடுக்க வேண்டும். எட்டு மாதமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை இவள்தான் எடுக்கிறாள். அப்படி எடுக்கும்போது அதன் காதில் அவள் "தங்கச்சி" என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "அக்காவுக்கு சொல்லிறாதீங்க" என்றாள்.

மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, பருப்பு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி. ஆட்டுக்கறி என்று நினைத்து இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், பலாக்காய் என்று சொன்ன பிறகு மூன்றாம் தடவையும் வாங்கினேன். சாப்பிடும் இடத்துக்கு எதிரே சுவரில் காலண்டர். திங்கட்கிழமைக் கட்டத்தில் பென்சிலால் 'டாக்டர் - 41' என்று எழுதியிருந்தது. கட்டு மாற்ற வருவாரா என்று கேட்டேன்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இல்ல தம்பி. ஊசி போட." எலும்பு வரைக்கும் சீழ் இரண்டு தடவை வந்து ஆறியிருக்கிறது. மறுபடி இழுபட்டு மூன்றாம் தடவை வந்தால் காப்பாற்ற முடியாது, நாயை வதைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி கிடைத்தாலும் இந்த இடம் அதற்கு ஆகாது. அறுபது நாய்க்கு நடுவில் வண்டியோடு ஒரு நாயை விட்டால் மற்றவை கவிழ்த்துப் போட்டுக் கடிக்கும். அதற்கு ஒரு வீடு வேண்டும், வீட்டில் நாள் முழுக்க இருக்கிற ஒரு ஆள் வேண்டும். எட்டு மாதத்தில் கேட்டு வந்தது ஒரே ஒருத்திதான். பல்லேபொலையில் வீட்டிலிருந்தே மிளகும் கறுவாவும் பொட்டலம் கட்டுகிற குமாரி. பஸ் அடித்த அன்று அந்த நாயை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் அவள்தான். ஞாயிறு பத்து மணிக்கு வருகிறாள். அவளும் கொண்டுபோகாவிட்டால்தான் திங்கட்கிழமை.

செல்வராணியே கூட்டிப் போகலாமே என்று என் வாய் கேட்டுவிட்டது. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு காம்பராவுல அஞ்சு பேரு இருக்கோம்ங்க. நான் பகல் பூராவும் இங்க. அங்க யாரு அமுக்கி எடுக்குறது?" என்றாள். கேட்டிருக்கக்கூடாது என்று தோன்றியது.

வண்டியை மாட்டினோம். நாற்பத்தொன்று இரண்டடி வைத்தது. இடுப்பு வளையத்துக்குள் வழுக்கி, பின்னுடம்பு ஒரு பக்கம் சாய்ந்து, குழாய் தொடையைக் குத்த, வீலென்று கத்தியது. எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. முப்பது வருஷத் தொழிலில் என் சாமான் ஒன்றும் இப்படி வழுக்கியதில்லை. "யாரு அளவெடுத்தது?" என்று கத்தினேன். "நான்தாங்க" என்றாள் செல்வராணி. அளவு கூட எடுக்கத் தெரியாதா, ஒரு உயிர் விஷயத்தில் இப்படியா என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் நாயின் பின்னுடம்பைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அக்காதான் குறுக்கே வந்தார். "சண்டைய பொறகு போடுங்க. மொதல்ல கழட்டுங்க, அதுக்கு வலிக்குது."

கழற்றிவிட்டு என் டேப்பை எடுத்து நானே அளந்தேன். எனக்கு அனுப்பியிருந்த அளவைவிட இடுப்பு அகலம் சரியாக ஒரு அங்குலம் குறைவு. உயரம் ஒரு அங்குலம். நீளம் ஒரு அங்குலம். நெஞ்சு வாரும் ஒரு அங்குலம். கோபம் போய் யோசனை வந்தது. கவனக் குறைவில் வரும் தப்பு அங்கே அரை, இங்கே ரெண்டு என்று வரும். இவ்வளவு ஒழுங்காக வராது.

"ஏனுங்க, இங்க வர்றதுக்கு முந்தி என்ன வேலை பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"கார்மெண்ட்லங்க. பதினோரு வருஷம், மெஷின்ல."

"அளவு எழுதறப்ப கூட ஏதாச்சும் சேத்தீங்களா?"

"சேக்கலியே. இருந்த அளவுதான் எழுதினேன்." கொஞ்சம் நின்று, "தையலுக்கு மட்டும் விட்டேன். பக்கத்துக்கு அரை இஞ்சு. அது விடாட்டி எப்படிங்க தைக்கி..." என்றவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். வண்டியின் குழாயைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். பதினோரு வருஷம் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான சட்டைக்கு விட்ட அரை அங்குலத்தை இந்த நாய்க்கும் கை தானாக விட்டிருக்கிறது. நட்டு வைத்த வண்டியாக இருந்தால் ஐந்து நிமிஷத்தில் இழுத்து முடுக்கியிருக்கலாம். அதைச் செய்ய மாட்டேன் என்றவன் நான். அவளிடம் கத்தியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் வரவில்லை.

குழாயைக் குறைக்க வாள் வேண்டும், துளை போட டிரில் வேண்டும், ரிவெட் வேண்டும். காலையில் கடைக்குப் போகலாம் என்றேன். "நாளைக்கு போயா" என்றார் அக்கா. பௌர்ணமி. இந்த நாட்டில் பௌர்ணமி என்றால் விடுமுறை, கடைக்காரர்கள் பாதிப்பேர் வெள்ளை உடுத்திப் பன்சலை என்கிற புத்தர் கோவிலில் உட்கார்ந்துவிடுவார்கள். கோயம்புத்தூரில் தீபாவளியன்று கூட எனக்கு ஒரு பட்டறையைத் திறக்க வைக்கத் தெரியும். இங்கே யாரை எனக்குத் தெரியும்?

சனிக்கிழமை காலை தேங்காய்ச் சம்பலும் பாண் ரொட்டியும் தின்றுவிட்டு, செல்வராணியும் நானும் வண்டியைத் தூக்கிக்கொண்டு சந்திக்குப் போனோம். எல்லாக் கடையும் கதவு இறக்கியிருந்தது. இரும்பு கேட் செய்கிற சிரிபால பாஸ் பன்சலையில் இருப்பதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். கைத்தொழில்காரரை இங்கே பாஸ் என்கிறார்கள். போனோம். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, அரச மரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். செல்வராணி செருப்பைக் கழற்றிவிட்டு, பத்தடி தள்ளி உட்கார்ந்து காத்திருந்தாள். நான் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைமணிக்குப் பிறகு அவர் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது என் கடிகாரத்தை.

செல்வராணி சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். தையலுக்கு அரை அங்குலம் விட்டதையும் மறைக்காமல் சொன்னாள் என்பது, அவர் சிரிப்பை அடக்கி வாயைப் பொத்திக்கொண்டதில் தெரிந்தது. பிறகு என்னிடம் அவர் சொன்னதை அவள் தமிழில் சொன்னாள். "இன்னிக்கி நான் சில் எடுத்திருக்கேன், விரதம், எதையும் வெட்ட மாட்டேன். ஆனா என் பட்டறை சில் எடுக்கல. சாவி வீட்டுல இருக்கு."

பட்டறை திறந்தது. எண்ணெயும் இரும்புத் தூளும் கலந்த அந்த வாசனையில் எனக்கு உயிர் வந்தது. வெட்டும் இயந்திரத்தின் ஸ்விட்சைப் போட்டேன். கரண்ட் இல்லை. ராத்திரி மழை பெய்தால் இப்படித்தான், சாயங்காலம் வரும் என்றாள் பாஸின் மனைவி. தேடியதில் ஒரு கைவாளும் இரண்டு அலகும், கையால் சுற்றுகிற ஒரு டிரில்லும், கொஞ்சம் ரிவெட்டும் கிடைத்தன. என்னிடம் மாற்றுக் குழாய் கிடையாது. ஒரு கோடு தள்ளி வெட்டினால் ஒட்ட முடியாது, இன்னொன்று வாங்கவும் முடியாது. ஒவ்வொரு குழாயையும் மூன்று தடவை அளந்து, கோடு போட்டு, மறுபடி அளந்தேன். மூன்றாவது குழாயில் முதல் அலகு ஒடிந்தது. மிச்சத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தேன். 

செல்வராணி படியில் உட்கார்ந்து நெஞ்சு வாரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரு தைச்சதுங்க?"

"நான்தான்."

"ம்ம்" என்றாள். அந்த 'ம்ம்'மில் நேற்று நான் கத்தியதற்கெல்லாம் வட்டியோடு பதில் இருந்தது. மெழுகு பூசிய நூலால் கையாலேயே இரட்டைத் தையல் போட்டாள். விரலால் தடவினால் தையல் இருப்பதே தெரியவில்லை. "நேத்து நான் பேசினது தப்புங்க" என்றேன். "நூலப் புடிங்க" என்றாள்.

மூன்று மணிக்குக் காப்பகத்தில் மாட்டினோம். இம்முறை வளையம் இடுப்பைக் கவ்விப் பிடித்தது. நாற்பத்தொன்று நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. முன்னங்காலை வைத்தது. சக்கரம் உருண்டது. திரும்பிப் பார்த்தது, மறுபடி நடந்தது. பிறகு முற்றத்தின் அந்தக் கோடி வரைக்கும் ஓடி, பலா மரத்தைச் சுற்றிக்கொண்டு செல்வராணியின் மடிக்கு வந்து முட்டியது. நான் அழுதேன். மறைக்கவில்லை.

அக்கா அழவில்லை. "இனித்தான் இருக்கு" என்றார்.

இங்கே நாயைக் கையில் பிடித்துக் கொடுப்பதில்லை. கொண்டுபோகிறவர் முற்றத்தின் கோடியில் தரையில் உட்கார வேண்டும். கூப்பிடக்கூடாது, தின்னக் கொடுக்கக்கூடாது. வேலை செய்பவர்கள் கண்ணில் படக்கூடாது. நாயை அவிழ்த்துவிடுவார்கள். அதுவாக அவரிடம் போய் நிற்க வேண்டும். கால் மணி நேரம் பார்ப்பார்கள். மூன்று தடவை. போகாவிட்டால் கொடுப்பதில்லை.

எனக்கு மறுபடி கோபம் வந்தது. "திங்கக்கிழமை ஊசி போடறதுக்கு நாள் குறிச்சிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை இப்படி ஒரு பரீட்சையா? போகலைன்னா சாகடிச்சிருவீங்களா?"

அக்கா நிதானமாகச் சொன்னார். தொடக்கத்தில் ஒரு கறுப்பு நாயை, அது முறுக்கிக்கொண்டு மறுத்தும், நல்ல வீடு என்று தம்புள்ளைக்குக் கயிறு கட்டி ஏற்றி அனுப்பினார்களாம். அது அறுத்துக்கொண்டு மெயின் ரோட்டு வழியாகத் திரும்பி நடந்தே வந்திருக்கிறது. கேட்டுக்கு நூறு கஜம் முன்னால் லொறி அடித்துவிட்டது. "அத நான்தான் அள்ளிக்கிட்டு வந்தேன்" என்றார். "இதுக்கு இன்னும் மோசம் தம்பி. ஒரு நாளைக்கு மூணு தரம் வயித்துல கை வைக்க விடணும். மனசு ஒட்டாதவங்களுக்கு கை வைக்க விடுமா? கடிக்கும். கடிச்சா அவங்க பயந்துருவாங்க. பொறகு புண்ணு வரும், வலியோட சாகும். அதுக்கு இங்கயே நிம்மதியா போகட்டும்." எனக்கு அது புரிந்தது. ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை.

ஞாயிறு காலை குமாரி வந்தாள். ஒல்லியான, கூச்சமுள்ள பெண்மணி, கைவிரல்களில் மிளகு வாசம். ஒரு சாக்கை விரித்துச் சுவரோரம் உட்கார்ந்தாள். அக்காவும் நானும் ஆபீஸ் அறையின் கம்பிவலை ஜன்னலுக்குப் பின்னால். செல்வராணி சமையல் செய்கிற குசினியில்.

நாற்பத்தொன்று அவிழ்த்துவிட்டதும் சக்கரம் கடகடக்க நேராகக் குசினி வாசலுக்குப் போனது. படியில் சக்கரம் இடித்தது. பின்வாங்கி மறுபடி இடித்தது. கால் மணி நேரம் இடித்துக்கொண்டேயிருந்தது.

அரைமணி ஓய்வு. இரண்டாம் தடவை செல்வராணி அரிசி வைக்கும் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். நாய் குசினியை முகர்ந்தது, முற்றத்தை முகர்ந்தது, அரிசி அறைக் கதவைக் கண்டுபிடித்து நகத்தால் பிராண்டியது. உள்ளே அவள் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. ஆனாலும் அது நகரவில்லை. குமாரி சாக்கிலிருந்து அசையவில்லை. கண்ணீர் வழிந்ததை முழங்கையால் துடைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

இன்னும் ஒரு தடவை. 

அறையைத் திறந்துகொண்டு செல்வராணி ஆபீசுக்கு வந்தாள். தோளில் பை, கையில் குடை. "நான் போயிட்டு வரேன் அக்கா" என்றாள்.

"எங்க?"

"பஸ்சுக்கு. சுவத்துல மாட்டியிருந்த என் வேலைச் சட்டையையும் எடுத்துட்டேன், செருப்பும் எடுத்துட்டேன். வாசம் இருந்தா தேடும்."

அக்கா தலையை ஆட்டினார். செல்வராணி பின்பக்க வேலி வழியாகச் சுற்றி ரோட்டுக்கு இறங்கினாள். முற்றத்துப் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

மூன்றாம் தடவை. நாய் குசினிக்குப் போனது. அரிசி அறைக்குப் போனது. கேட்டுக்குப் போனது. கம்பிக்கு நடுவில் மூக்கை விட்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றது. கீழே எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அக்காவின் கைக்கடிகாரம் அவர் மடியில் இருந்தது. ஐந்து நிமிஷம். ஏழு. அது ஒரு தடவை முனகியது. ஒன்பதாவது நிமிஷத்தில் கேட்டை விட்டுத் திரும்பியது. பலா மரத்தடியைக் கடக்கும்போது இடது சக்கரம் வேரில் மாட்டிக்கொண்டது. முன்னால் இழுத்தது, வரவில்லை. மறுபடி இழுத்தது, வண்டி சாய்ந்தது. நான் எழுந்துவிட்டேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். குமாரி இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டாள், எழவில்லை. நான் போட்ட ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொன்று இழுப்பதை நிறுத்தியது. ஒரு அடி பின்னால் வைத்தது. சக்கரம் விடுபட்டது. காலையில் குசினிப் படியில் இடித்து இடித்துக் கற்றுக்கொண்டதாக இருக்கும். வேரைச் சுற்றிக்கொண்டு வந்தது. சுவரோரம் போய் குமாரியின் விரல்களை முகர்ந்தது, தும்மியது. வண்டியோடு படுக்க முடியாது. நின்றபடியே தலையைத் தாழ்த்தி நாடியை அவள் மடியில் வைத்தது.

அக்கா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். கூண்டிலிருந்து டிக்கெட்டைக் கழற்றிக் கொண்டுவந்து, பேனாவைத் திறந்து, பெயர்க் கோட்டில் எழுதக் காத்திருந்தார். குமாரி யோசிக்கவேயில்லை. எட்டு மாதமாக யோசித்து வைத்திருந்தாள் போல. அக்கா எழுதி, அட்டையை அவளிடம் கொடுத்தார். பிறகு ரப்பரை எடுத்துக் காலண்டரில் திங்கட்கிழமைக் கட்டத்தை அழித்தார். தாள் கிழியும் அளவுக்குத் தேய்த்தார்.

சாயங்காலம் ஊருக்கு வாங்கிப் போகக் கறுவாப்பட்டைக்காகச் சந்திக்கு இறங்கினேன். பஸ் நிற்கிற ஹோல்ட்டில் செல்வராணி உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்திலிருந்தே அங்கேதான் இருக்கிறாள் என்பது தெரிந்தது. "மூணு பஸ் போயிருச்சுங்க" என்றாள், நான் கேட்காமலே. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு ஆட்டோ போச்சு. சக்கரம் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றாள். "நான் குடைய விரிச்சு மறைச்சிக்கிட்டேன். தானா போச்சா?"

"தானாத்தான் போச்சுங்க."

"வயித்துல கை வைக்க விட்டுச்சா?"

"கெளம்பறதுக்கு முந்தி குமாரியே அமுக்கி எடுத்தாங்க. பேசாம நின்னுச்சு."

அவள் குடையைச் சுருட்டிப் பொத்தானை மாட்டினாள். "என்ன பேரு வச்சாங்க?"

"சூட்டி."

"சூட்டியா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்னதுகளை எல்லாம் சிங்களத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். "இந்த ரோட்டுல பத்து வூட்டுக்கு ஒரு சூட்டி இருக்குங்க. எட்டு மாசம் காத்திருந்து, சூட்டின்னா வச்சாங்க?" சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. அப்புறம் ரோட்டைப் பார்த்தபடி மெல்ல, "சூட்டி" என்றாள். மறுபடி, "சூட்டி."

"என்ன பண்றீங்க?" என்று கேட்டேன்.

"பழகிக்கிறேங்க. மூணு மாசத்துல அக்காவும் நானும் அந்த வூட்டுக்குப் பாக்கப் போவோம். அப்ப பழைய பேரு வாயில வந்துறக்கூடாது."

நான்காவது பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் நகர்ந்தபோதும் அவள் உதடு அசைந்துகொண்டுதான் இருந்தது.